சல்லி இருக்கு, பால்மா ஏன் இல்லை?



2022ஆம் ஆண்டின் தொடக்கத்தை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். எரிவாயுவுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு இன்னொன்று. அப்படியொரு நாள் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். ஏழு வயது மகன் வாசலிலேயே கேட்டான்:

“உம்மா, நம்மகிட்ட சல்லி இருக்குத்தானே, ஏன் பால்மா இல்ல?”

“கடையில முடிஞ்சிட்டு மகன்.”

“கடைக்காரருக்கு வாங்க ஏலாதா?”

“கப்பல் வரல்ல. நாட்டில டொலர் இல்லையாம்.”

“அப்ப டொலர அச்சடிக்கிறதுதானே!”

சாதாரண தரத்தில் வர்த்தகம் படித்தவள் நான். ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு வாயடைத்துப் போயிற்று.

அதே மார்ச் மாதம் எங்கள் மேல் மாகாணத்துப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போடப்பட்டது. வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை. மூத்த மகளுக்கு முதலில் ஒரே சந்தோஷம். சற்று நேரம் யோசித்துவிட்டு, “காகிதமும் வெளியிலிருந்தா வருது?” என்று வந்தாள். இனியும் மழுப்ப முடியாது என்று எனக்குப் பட்டது.

அன்று மஃரிப் தொழுத பின் கரண்ட் இல்லை. மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்து, குசினி அலுமாரியைத் திறந்து, இருந்த சாமான்களையெல்லாம் பாயில் எடுத்து வைத்தோம். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ‘வந்தது’, மறுபக்கம் ‘கொடுத்தது’ என்று மகள் தலைப்பிட்டாள். நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாத பாடம். பக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் நாட்டின் பெயர் இருக்கும்.

வெறும் பால்மா டின்னில் நியூசிலாந்து. பருப்புக்குப் பெயர்தான் மைசூர்ப் பருப்பு; வருவதோ கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து. மாசி மாலைதீவிலிருந்து. கோதுமை நம் மண்ணில் விளைவதில்லை, ஆகவே நாம் சுடும் ரொட்டியும் கப்பலில் வந்ததுதான். பெரிய வெங்காயம் இந்தியா. (பின்னொரு நாள், 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்து இங்கே விலை ஏறியபோது, மகன் தானாகவே, “அவங்கட ஆக்களுக்குப் போதாதெண்டா நமக்கு எப்படித் தருவாங்க?” என்றான். கலண்டர் தாள் வீண்போகவில்லை!)

‘வந்தது’ பக்கம் நிறைந்துவிட்டது. இனி டொலர் கதை. “நியூசிலாந்தில மாடு வளர்க்கிறவருக்கு நம்மட ரூபாயக் குடுத்தா அவர் என்ன செய்வார்? நம்மட சந்திக் கடைக்கு அவர் சாமான் வாங்க வரமாட்டாரே. எல்லா நாட்டுக்காரரும் நம்புற சல்லியத்தான் கேட்பார். அத நாம அச்சடிக்க ஏலா, எதையாவது வித்துத்தான் உழைக்கணும்” என்றேன். மகன் தலையாட்டினான். “நாம எத விக்கிறம்?”

தேயிலை என்றேன். ஈராக்கும் துருக்கியும் ரஷ்யாவும் நம் தேயிலையை வாங்கும் நாடுகள். ஈரானுக்குக் கொடுக்க வேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே அடைப்பதாக 2021 டிசம்பரில் உடன்பாடு ஆனது. 1952இல் சீனாவுக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்க ஒப்பந்தம் செய்த நாடு இது. பண்டத்துக்குப் பண்டம் என்றதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கியது. கறுவாவைக் கூடுதலாக வாங்குவது மெக்சிகோ என்றபோது மகள் நம்பவே இல்லை.

வியாபாரம் நமக்குப் புதிதா என்ன? குறைஷிகளின் மாரிகால, கோடைகாலப் பயணங்களைக் குர்ஆன் சொல்கிறது. கதீஜா (ரழி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். 1344இல் இப்னு பதூதா இங்கு வந்தபோது புத்தளக் கரையில் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததையும், மலபார்க் கரையார் அவற்றை ஏற்றிக்கொண்டு அரசனுக்குத் துணிமணி கொடுத்ததையும் எழுதி வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் மகள், “அப்ப துணி வந்து கறுவா போயிருக்கு. இப்ப ரெண்டுமே போகுது” என்றாள். உண்மைதான். நம் ஏற்றுமதிப் பொருட்களில் முதலிடம் தைத்த ஆடைகளுக்கு.

பிறகுதான் அவள் பென்சிலை நிறுத்தி, “சாச்சியும் டொலர் அனுப்புறாதானே? அவட பேரையும் ‘கொடுத்தது’ பக்கம் எழுதவா?” என்று கேட்டாள்.

சாச்சி என்பது என் தங்கை. குவைத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண். தேயிலைக்கும் கறுவாவுக்கும் கீழே என் கூடப்பிறந்தவளின் பெயரா என்று முதலில் மனம் சுருங்கியது. அதைவிட வேறொன்று என்னைக் குத்தியது. சகோதரிகளே, உங்களிடம் மறைப்பதற்கென்ன? வங்கியில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் கிடைத்த காலத்தில் உண்டியல்காரர் அதைவிடக் கூட்டிக் கொடுத்தார். மாதக்கணக்காக அவளது பணத்தை நாங்கள் உண்டியலில்தான் எடுத்தோம். அவள் உழைத்த தினார் அங்கேயே நின்றுவிடும். இங்கே யாரோ ஒருவர் ரூபாயைக் கையில் தந்துவிட்டுப் போவார். நாட்டின் வங்கிக்கு அதில் ஒரு சதமும் வரவில்லை. பால்மா வரிசையில் நின்று அரசாங்கத்தை ஏசியவர்களில் நானும் ஒருத்தி.

பிள்ளைகளிடம் அதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் அன்று சொல்லத் தோன்றியது. மகள் சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாச்சியின் பெயரை இரண்டு பக்கத்திலும் சேராமல், நடுக்கோட்டின் மேலேயே எழுதினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொலைபேசியில் தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் கோபித்துக்கொண்டாள். “ராத்தா, அந்தக் கூடின காசிலதானே உம்மாட மருந்து வாங்கினீங்க? அப்ப நாடு எங்க இருந்துச்சு?” இதற்கும் என்னிடம் பதில் இல்லை. உம்மாவின் பிரஷர் மாத்திரையும் வெளிநாட்டிலிருந்து வருவதுதான். அந்த மாதங்களில் அதன் விலை வாரத்துக்கு வாரம் ஏறியது.

ரூபாயின் மதிப்பு விழுந்து வங்கி விலையும் 350ஐத் தாண்டிய பின், உண்டியலில் பெரிய இலாபம் இல்லாமல் போயிற்று. ஒரு மாதம் தங்கை தானாகவே வங்கிக்கு அனுப்பினாள். துண்டு வந்த அன்று மகள் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளைக் கழற்றி, நடுக்கோட்டிலிருந்த பெயரை றப்பரால் அழித்து, ‘கொடுத்தது’ பக்கத்தில் எழுதினாள். தேயிலைக்குக் கீழே அல்ல, எல்லாவற்றுக்கும் மேலே. இடம் போதாமல் எழுத்துக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.