காபூல்காரர் கடையில் ஒரு பகல்

ஆப்கானிஸ்தானத்தைப் பற்றி என் இளமையில் எனக்குத் தெரிந்திருந்தவை இரண்டே. ஒன்று ஈட்டிக்காரன், மற்றொன்று பெருங்காயம்.

ஈட்டிக்காரனை நான் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் எங்கள் பக்கம் வந்து போன காலம் நான் நினைவு தெளிவதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஆயினும் அழுகின்ற பிள்ளையை அடக்க அந்தப் பெயர் ஒன்றே போதுமாயிருந்தது. நெடிய உருவம், தொளதொளத்த கால்சட்டை, பெரிய தலைப்பாகை, கையில் ஆளுயரக் கோல். கொடுத்த கடனுக்கு வட்டி கேட்டு அவன் வாசலில் வந்து நின்றால் தெருவே கதவடைத்துக்கொள்ளுமாம். "கலிமாச் சொன்ன வாயால் வட்டியும் கேட்கிறானே!" என்று என் பாட்டியார் தாடையில் கைவைத்துச் சொல்வது இன்னும் என் செவியில் இருக்கிறது.

பெருங்காயம் என் தந்தையாரின் பலசரக்குக் கடையில் அறிமுகமானது. "காபூல் சரக்கு வந்துவிட்டதா, பாய்?" என்று அக்கிரகாரத்திலிருந்து ஆள் வரும். வாப்பா தகர டப்பாவைத் திறந்தால் கடை முழுவதும் நாறும், அல்லது மணக்கும். அது அவரவர் மூக்கைப் பொறுத்தது.

இந்த இரண்டு செய்திகளை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டுதான், எழுபது வயதில், 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் ஆப்கானியரின் கபாப் கடைக்குள் நுழைந்தேன்.

நான் அந்நாட்டுக்குச் சென்றது பேரப்பிள்ளைகளைப் பார்க்க. அது வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறொன்று இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் அங்கே குடியேறிப் பதினாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஊரில் நான் கட்டிய வீட்டில், என் மனைவி மௌத்தான பிறகு, நான் ஒருவனே மாலையில் விளக்குப் போடுகிறேன். பதினொரு வயதுப் பேரன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் மறுமொழி சொல்கிறான். 'சம்பாதித்தது போதும், ஊருக்கு வந்துவிடுங்கள்' என்று சொல்லிவிட வேண்டும் என்பதே என் எண்ணம். விமானத்தில் அமர்ந்திருந்த நேரமெல்லாம் அதற்கான சொற்களை அடுக்கிக்கொண்டே சென்றேன். போய்ச் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகியும் சொல்லவில்லை. அன்று காலையில்தான் மகளிடம், "உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும்" என்று தொடங்கினேன். அதற்குள் மாப்பிள்ளை வண்டியை எடுத்துவிட்டார்.

வாஷிங்டன் நகரை ஒட்டிய வடக்கு வர்ஜீனியாவில் ஆப்கானியர் மிகுதி. 1979ஆம் ஆண்டு இறுதியில் சோவியத் படைகள் அவர்கள் நாட்டில் புகுந்த பிறகு வரத் தொடங்கியவர்கள், அதன்பின் ஒவ்வொரு போருக்கும் ஓர் அலையாக வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது, அங்கிருந்து விமானங்களில் ஏற்றப்பட்டவர்களில் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணில் முதலில் கால் வைத்தது அதே பகுதியிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தில்தான்.

கடை ஒரு பெட்ரோல் நிலையத்துக்கும் துணி வெளுக்கும் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. அலங்காரம் எதுவுமில்லை. துடைத்தால் போதும் என்கிற மேசைகள். சுவரில் பாமியான் மலையின் படம் ஒன்று. முன்புறம் நின்று பணம் கொடுத்து, எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். எண்ணைக் கூப்பிட்டால் நாமே போய்த் தட்டை எடுத்து வர வேண்டும். எங்களுக்கு முன்னால் வரிசையில் வாடகைக் கார் ஓட்டுநர் இருவரும், சுண்ணாம்புக் கறை படிந்த காலணியோடு கட்டட வேலையாள் ஒருவரும் நின்றனர்.

நான் பணம் வாங்கும் இளைஞனிடம், "இறைச்சி ஹலால்தானே?" என்று கேட்டுவிட்டேன். மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பிள்ளை சினம் கொள்ளவில்லை. சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டிவிட்டு, "உட்காருங்கள், சாச்சா" என்று உருதுவில் சொன்னான். அயலூரில் உண்ணப் போகுமிடத்தில் கேட்பது தவறில்லை என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் நான் கேட்ட தொனியில் என் பாட்டியாரின் ஈட்டிக்காரன் ஒளிந்திருந்தான். அது எனக்கு மட்டும் தெரியும்.

முதலில் வந்தது ரொட்டி. அதைத் தட்டுகின்ற வாலிபனைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். மாவை முழ நீளத்துக்கு இழுத்து, ஈரக்கை விரல்களால் நீளவாட்டில் உழவுசால் போலக் கோடு போட்டு, எள்ளும் கருஞ்சீரகமும் தூவித் தந்தூர் அடுப்பின் சுவரில் அறைகிறான். ஓரிரு நிமிடத்தில் கொக்கியால் எடுத்துவிடுகிறான். அந்தக் கோடுகள் அழகுக்கல்ல; அவை இல்லாவிட்டால் ரொட்டி பூரிபோல் உப்பிவிடும்.

பிறகு தட்டுகள். ஒருவருக்கென்று கொடுத்த சோற்றை இருவர் உண்ணலாம். காபூலி புலவு என்ற பெயரைக் கேட்டு நான் நம் பிரியாணியை எதிர்பார்த்திருந்தேன். நிறம் இருந்தது, காரம் துளியும் இல்லை. முதல் கவளத்தில் ஏமாந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது கவளத்தில்தான் நாக்கு விழித்துக்கொண்டது. அந்தப் பழுப்பு நிறம் மசாலாவால் வந்ததன்று. வெங்காயத்தைக் கருகும் எல்லைவரை வதக்கி, அதில் ஆட்டிறைச்சியை வேகவைத்து எடுத்த சாற்றால் வந்தது. அரிசியை அரைவேக்காட்டில் வடித்து, இறைச்சிச் சாற்றில் பிசறித் தம்மில் வைக்கிறார்கள். சீரகமும் ஏலமும் பட்டையும் இருக்கின்றன. ஆனால் வீட்டுக்குள் பெரியவர்கள் இருக்கும்போது பிள்ளைகள் பேசுவதுபோல் மெல்லத்தான் பேசுகின்றன. மேலே ஈர்க்குபோல் சீவிச் சர்க்கரையில் புரட்டிய காரட்டும், ஊதிப் பருத்த உலர்திராட்சையும். அடியில் புதைந்திருக்கும் இறைச்சித் துண்டு விரல் பட்டதும் எலும்பை விட்டு நழுவுகிறது. நம் நெய்ச்சோற்றுக்கு இது தூரத்து உறவு என்று சொல்லலாம். பிரியாணியோடு ஒப்பிடுவது இரண்டுக்கும் செய்யும் அநியாயம்.

கபாப் இரண்டு வகை வாங்கியிருந்தோம். ஒன்று, வாள்போல் தட்டையான கம்பியில் கோத்துக் கரி நெருப்பில் சுட்ட ஆட்டிறைச்சி. அந்நாட்டில் துண்டுக்குத் துண்டு நடுவே தும்பா ஆட்டின் வால் கொழுப்பைச் செருகுவார்களாம்; அமெரிக்காவில் அந்த ஆடு எளிதில் கிடைப்பதில்லை. மற்றொன்று சப்லி கபாப். கொத்திய இறைச்சியில் ஒன்றிரண்டாக இடித்த கொத்துமல்லி விதை, தக்காளி, வெங்காயம், மிளகாய் சேர்த்து அடைபோல் தட்டிக் கொழுப்பில் பொரித்தது. பஷ்தூ மொழியில் 'தட்டை' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பார்கள். செருப்பு வடிவில் இருப்பதால் 'சப்பல்' கபாப் என்று வேடிக்கை செய்வோரும் உண்டு. பெஷாவர்ப் பக்கத்துப் பதார்த்தம் இது. கொத்துமல்லி விதை பல்லில் அகப்பட்டு உடையும் போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டு அம்மியின் நினைவு வந்தது. உலர்ந்த புதினா தூவிய மோரையும் குடித்தேன். அதற்கு 'தோக்' என்று பெயர். நாமானால் அதில் ஒரு சிட்டிகை காபூல் சரக்கைப் போட்டிருப்போம்.

பக்கத்து மேசையில் வெண்தாடிப் பெரியவர் ஒருவரும் அவருடைய பேரனும் இருந்தார்கள். பெரியவர் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் பையன் முன்னே வைப்பார், ஏதோ சொல்வார். பையன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அவர் மீண்டும் தம் மொழியிலேயே தொடர்வார். எனக்கு மிகவும் பழகிய காட்சி.

அவர்தாம் முதலில் ஸலாம் சொன்னார். பெஷாவரில் அகதியாக இருந்ததால் அவருக்கு உருது வந்தது. பம்பாயில் பன்னிரண்டு ஆண்டுகள் கடை வைத்திருந்ததால் எனக்கும் வந்தது. எந்த ஊர் என்றார். மதராஸுக்குத் தெற்கே கடலோரம் என்றேன். "உங்கள் நாட்டு ஹீங் எங்கள் ஊரில் தினமும் தேவைப்படும்" என்று பேச்சுக்குச் சொன்னதுதான் தாமதம், அவர் தட்டை விலக்கிவிட்டுச் சிரித்தார். "அந்த நாற்றத்தையா? தினமுமா?" வேரைக் கீறிவிட்டு, கசியும் பாலை உறைந்தபின் சுரண்டி எடுக்கும் முறையை விவரித்தார். அவர்கள் தம் அன்றாடச் சமையலில் அதைப் பெரிதாகச் சேர்ப்பதில்லை. "மூட்டை கட்டி உங்களுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம்" என்றார். ஈட்டிக்காரன் கதையைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

அவர் காபூலுக்கு வடக்கேயுள்ள ஷமாலிச் சமவெளியைச் சேர்ந்தவர். திராட்சைக்குப் பேர்போன மண் அது. பள்ளி ஆசிரியராக இருந்தவர், தோட்டமும் இருந்தது. 1984இல் குடும்பத்தோடு மலைவழியே நடந்து பெஷாவர் வந்து, பதினான்கு ஆண்டுகள் அங்கே கிடந்து, பிறகு மகன் அழைக்க இங்கே வந்திருக்கிறார். வந்த மறு ஆண்டு, 1999இல், தாலிபான் படையினர் ஷமாலியில் வீடுகளையும் திராட்சைத் தோட்டங்களையும் எரித்தார்கள்.

"மகன் போக வேண்டாம் என்றான். 2004இல் போனேன். வழி கேட்டுக்கொண்டு என் சொந்தத் தோட்டத்துக்குப் போனேன், ஸாஹிப். காட்டியவனுக்கு இருபது வயது இருக்கும். 'அங்கே கால் வைக்காதீர்கள், கண்ணிவெடி இருக்கலாம்' என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்."

புலவிலிருந்து ஓர் உலர்திராட்சையை எடுத்து விரலில் உருட்டினார். "இது கலிஃபோர்னியாச் சரக்கு. கெட்டதல்ல" என்று சொல்லி வாயில் போட்டுக்கொண்டார்.

சற்றுப் பொறுத்து, "உங்கள் வீடு நிற்கிறதா?" என்று கேட்டார்.

"நிற்கிறது."

"தெருவில் உங்களைத் தெரிந்தவர்கள்?"

"எல்லோருக்கும் தெரியும்."

"பிறகு இங்கே எதற்கு வந்தீர்கள்?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் இளைய குழந்தைக்குச் சோற்றை ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் புரிந்துகொண்டு தலையசைத்தார். பிறகு தம் பேரனைக் காட்டி, "இவனுக்கு தரீ பேச வராது. ஆனால் புலவில் காரட் குறைந்தால் சமையற்காரனை விடமாட்டான்" என்றார்.

அந்தப் பையன் கையால் உண்டுகொண்டிருந்தான். அதைப் பார்த்த என் பேரன் முட்கரண்டியை ஓரமாக வைத்தான். அவனை யாரும் தூண்டவில்லை. சோற்றை உள்ளங்கையால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிட்டது. "நாலு விரலைச் சேர்த்துக்கொள். கட்டைவிரலால் தள்ளு" என்றேன், தமிழில். "கட்டைவிரல்னா தம்ப் தானே, அப்பா?" என்றான். எங்கள் ஊர்ப் பக்கத்தில் தந்தை வாப்பா. தாத்தாவைத்தான் அப்பா என்பது. அந்த முறையாவது அவனிடம் பிசகாமல் இருந்தது. தட்டில் பாதி காலியாவதற்குள் கை வசப்பட்டுவிட்டது. சஹனில் நால்வராக அமர்ந்து உண்ணும் எங்கள் ஊர் விருந்தில் இவனை உட்கார வைத்தால் மானம் போகாது என்று எண்ணிக்கொண்டேன்.

அஸருக்கு நேரமாகிவிட்டதே என்று நான் எழுந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்றார். அவர் ஹனஃபி, நான் ஷாஃபி. என் கணக்கில் வந்துவிட்ட வக்து அவர் கணக்கில் வரவில்லை. இருவருமே சிரித்தோம். பண்டகச் சாலையில் எண்ணெய் டின்களுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் இடையே ஒரு முஸல்லாவை விரித்துக் கொடுத்தார்கள். நான் தொழுது முடித்துத் திரும்பும்போது பெரியவர் வாசலில் நின்றிருந்தார். கைகளைப் பற்றிக்கொண்டு துஆச் செய்யச் சொன்னார். அவருக்காகவா, தோட்டத்துக்காகவா என்று கேட்கவில்லை.

ரொட்டி தட்டிய வாலிபன் இரண்டு ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றி என் கையில் திணித்தான். பணம் கொடுக்கப் போன மாப்பிள்ளையைத் தடுத்துவிட்டான். அவன் 2021இல் வந்தவனாம்; பெற்றோர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்களாம்.

வண்டியில் திரும்பும்போது மகள் கேட்டாள்: "காலையில் என்னவோ பேச வேண்டும் என்றீர்களே, வாப்பா?"

விமானத்தில் அடுக்கிவைத்த சொற்கள் எல்லாம் நினைவில் இருந்தன. அவற்றில் ஒன்றும் பொய்யானதன்று. வீடு இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் போக வழியிருப்பவன் பேசுகிற பேச்சாக அது எனக்கே கேட்டது.

"வருகிற கோடை விடுமுறைக்குத் தம்பியை என்னிடம் அனுப்பு. இரண்டு மாதம் இருந்துவிட்டு வரட்டும்" என்றேன்.

அவள் கண்ணாடி வழியே மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை ஓட்டினார். அடுத்த திருப்பம் வந்த பிறகே, "பார்க்கலாம், வாப்பா" என்றாள். மடியிலிருந்த ரொட்டிப் பொட்டலம் இன்னும் சுட்டது. பேரன் அதன் ஓரத்தைப் பிரித்து ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.