தப்பு யார் மேல?

போன வாரம் பி.டி. பீரியடில் சாஃப்ட்பால் விளையாடினோம். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 60 அடி. நான் இரண்டாவது பேஸுக்குத் தலைதெறிக்க ஓடினேன். நடுவில், உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தாள் என் தோழி. மோதிட்டேன். அவளுக்கு முட்டியில் ரத்தம். நானோ, “அவதான் சார் வழியை மறிச்சா!” என்று கத்தினேன். ஆனால் அவுட் எனக்குத்தான்!

“அடிச்ச பந்தை எடுக்கப் போறவளுக்கு ஓடுறவதான் வழி விடணும். சுத்திப் போனாலும் தப்பில்லை. இடிச்சா ‘இன்டர்ஃபியரன்ஸ்’, ஓடுறவ அவுட். பந்தும் கையில் இல்லாம, எடுக்கவும் போகாம, சும்மா குறுக்கே நின்னு மறிச்சாதான் அவ தப்பு. அது ‘அப்ஸ்ட்ரக்‌ஷன்’. ஓடுறவளுக்கு பேஸ் கிடைக்கும்” என்றார் சார்.

அவள் தன் வேலையைத்தான் செய்தாள். பார்க்காமல் ஓடியது நான். இன்னும் அவகிட்ட பேசலை. இந்தத் தாளை அவளும் படிப்பாள். தப்பு என் மேலதான், மன்னிச்சிடுடி!

– 9-ஆம் வகுப்பு மாணவி, பென்னாகரம்