பொகவந்தலாவையில் ஒரு குடும்பம்

ஜனவரி 9

பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் சார்ல்ஸ் ஹே கமரன், ஜூலியா மார்கரட் கமரன் தம்பதியரின் குடும்பத்தைத் திருச்சபைப் பதிவேடுகள் வழியாகத் தேடத் தொடங்கியிருக்கிறேன். ஜூலியாவை உலகம் பெரும் புகைப்படக் கலைஞராக அறியும். எனக்கு அவர்கள் முதலில் கோப்பித் தோட்டத்துக்காரர்கள். அவர்களுடையதைப் போன்ற தோட்டங்களில்தான் என் முன்னோர் காடு வெட்டிக் கன்று நட்டார்கள். துரைமார் வீட்டுக் கதையைச் சரியாகப் படித்தால், தொழிலாளர் லயத்துக் கதையைத் தேடும் வழியும் பிடிபடும் என்று நம்புகிறேன்.

ஜனவரி 15

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பதிவேடு மூன்று. 1812இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, அடுத்த ஆண்டு முதல் இங்கிலாந்துத் திருச்சபைக்கு அச்சிட்ட படிவங்கள் வந்தன. அடக்கப் பதிவில் பெயர், வசிப்பிடம், அடக்கம் செய்த நாள், வயது, சடங்கை நடத்திய குருவின் கையெழுத்து ஆகியவை உண்டு. இறந்த நாளுக்கும், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற உறவுக்கும் தனி இடம் இல்லை. வயதும் உயிரோடு இருப்பவர் சொல்லி எழுதியதுதான். நாலைந்து வருடம் கூடக் குறைய இருக்கலாம்.

ஆகவே அடக்கப் பதிவை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தைக் கட்டியெழுப்ப முடியாது. ஞானஸ்நானப் பதிவு பெற்றோரைச் சொல்லும். திருமணப் பதிவு இரண்டு குடும்பங்களை இணைக்கும். மூன்றும் ஒத்துப்போனால்தான் ஆள் அவர்தான் என்று துணிந்து சொல்லலாம்.

ஜனவரி 21

ஜூலியா 1815 ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838 பிப்ரவரி 1 அன்று அதே நகரில் சார்ல்ஸை மணந்தார். இந்தியாவிலிருந்த கம்பெனிப் பாதிரிமார் தங்கள் பதிவுகளின் நகலை லண்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் வங்காளம், சென்னை, பம்பாய் என்று மூன்று வரிசைகளாக இருக்கின்றன. கல்கத்தாவில் பிறந்து மணந்த பெண்ணைத் தேட அந்த வங்காள வரிசை இருக்கிறது.

இலங்கை 1802 முதல் முடியாட்சிக் குடியேற்றநாடு. கம்பெனியின் அந்த மூன்று வரிசைகளில் அதற்கு இடம் இல்லை. இங்கு அந்தந்தத் தேவாலயத்தின் ஏட்டையும், கல்லறைக் கல்லையும், ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி இலங்கைக் கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913இல் வெளியிட்ட பெரும் தொகுதியையும் நம்ப வேண்டும். வெயிலிலும் மழையிலும் எழுத்து அழிந்துபோன கற்களுக்கு அந்தத் தொகுதிதான் இன்று சாட்சி.

ஜனவரி 26

இன்று ஜூலியா இறந்த நாள். அட்டனிலிருந்து நோர்வூட் வழியாகப் பேருந்தில் போனேன். கணவனும் மனைவியும் தேவாலய வளவில் அருகருகே கிடக்கிறார்கள். 1879இல் டிக்கோயாப் பகுதியின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். மாட்டு வண்டியில் மலை கடந்து உடலைக் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அடுத்த ஆண்டு மே 8 அன்று சார்ல்ஸும் போய்ச் சேர்ந்தார்.

இந்த மனிதருக்கும் எங்களுக்கும் இருக்கும் தொடர்பு தோட்டத்தோடு முடிவதல்ல. இராஜகாரிய ஊழியத்தை ஒழிக்கச் சொன்ன கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவர்தான். கட்டாய ஊழியம் போனது. கோப்பிக்குக் காடு விற்கப்பட்டது. கண்டிக் கிராமத்தார் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. அந்த வெற்றிடத்துக்குத்தான் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்து ஏழைகளைக் கங்காணிகள் அழைத்துவந்தார்கள். கமரன் குடும்பம் இங்கிலாந்தை விட்டு இங்கே குடிவந்தது 1875இல். கோப்பி இலைநோய் பரவித் தோட்டங்கள் ஆட்டங்கண்ட காலம் அது. அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியது. பசிக்குத் தப்பிக் கடல் கடந்தவர்கள் இந்த மலைகளில் வந்து குவிந்தார்கள். கமரன் தம்பதியரின் கடைசி வருடங்களும் இப்படி வந்தவர்களின் முதல் வருடங்களும் ஒன்றுதான்.

பிப்ரவரி 3

ஜூலியா இலங்கையில் எடுத்த படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த மேரி ஹில்லியர் பல படங்களில் மாதாவாக நின்றார். அவர் பெயர் கலை வரலாற்றில் நிலைத்துவிட்டது. இன்னொரு பணிப்பெண் மேரி ரையனின் பெயரும் நிலைத்திருக்கிறது.

1878இல் களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் முதியவர் ஒருவரும் ஒரு சிறுமியும் இருக்கிறார்கள். சிறுமிக்கு வயது பன்னிரண்டு, கிழவர் தமக்கு நூறு என்கிறார், அவள் தம் மகள் என்கிறார் என்பது படக்குறிப்பு. வயது இருக்கிறது, உறவு இருக்கிறது; பெயர் மட்டும் இல்லை. அடக்கப் பதிவில் பெயர் உண்டு, உறவு இல்லை. இந்தப் படத்திலோ உறவு உண்டு, பெயர் இல்லை. முதல் குறையை இன்னொரு பதிவேடு தீர்த்துவைக்கும். இரண்டாவதைத் தீர்க்க எந்த ஏட்டைப் புரட்டுவது? இரண்டு நாட்டிலும் படம் எடுத்தவர் அதே ஜூலியாதான். வேலைக்காரியின் பெயரைக் கேட்க அவருக்கு இங்கிலாந்தில் தோன்றியிருக்கிறது, இங்கே தோன்றவில்லை. அவருடைய கலையை நேசிக்கிற எனக்கு இது வலிக்கிறது.

பிப்ரவரி 11

எங்கள் ஆட்களுக்கும் காகிதம் இருந்தது. செக்ரோலில் பேர் போட்டார்கள். அது கூலிக் கணக்கு. துண்டு என்றொரு சீட்டு இருந்தது: இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடலாம் என்று துரை எழுதிக் கொடுப்பது. 1921இல் அது ஒழிக்கப்பட்டது. பாதிரியார் ஏட்டில் மனிதருக்குப் பிறப்பும் மணமும் இறப்பும் இருந்தன. துண்டில் எங்களுக்குக் கடன் இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியில் நடந்தபோது காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்களுக்கு அதுகூட இல்லை. அவர்களை விட்டுவிட்டு இந்த மலையின் குடியேற்ற வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு.

பிப்ரவரி 20

ஒரு நீள ஏடு வாங்கிக் கட்டம் போட்டிருக்கிறேன். அந்த ஆங்கிலப் படிவத்தின் பெயர், வசிப்பிடம், நாள், வயது நான்கையும் எடுத்துக்கொண்டேன். அதில் இல்லாத மூன்றைச் சேர்த்தேன்: உறவு, புறப்பட்ட ஊர், செய்தி சொன்னவர். இன்று எங்கள் தோட்டத்து மூத்த அம்மாயி ஒருவரோடு உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த பாட்டன் பாட்டிமாரை எழுதத் தொடங்கினேன். ஒருவர் சொன்னதை மற்றொருவர் உறுதிசெய்த பிறகே மையால் எழுதுவது என்று வைத்திருக்கிறேன், அதுவரை பென்சில்.

கமரன் குடும்பத்தை நூறு வருடம் கழித்தும் தேட முடிகிறதென்றால், ஒவ்வொரு சாவுக்கும் ஒருவர் உட்கார்ந்து எழுதினார் என்பதுதான் காரணம். எங்கள் தோட்டங்களிலும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊர் பேர் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறையும் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் இந்த வருடமே தொடங்க வேண்டும். அடுத்த வருடம் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்வதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.