ஏழாம் மாடியின் மோதி

சங்கத்துக் கூட்டம் முடிந்து மாதுங்காவிலிருந்து செம்பூர் திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்துவிட்டால், மேடையில் பேசாது விடுபட்ட பொருளெல்லாம் அங்கே பேச்சுக்கு வந்துவிடும். 2025 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு ஞாயிறு மாலை அவ்வாறு வந்த பொருள் நாய். தலைநகர் தில்லியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணை பிறப்பித்திருந்த சமயம் அது. "நாடு முழுவதும் இதைச் செய்தால்தான் குழந்தைகள் தெருவில் நடமாட முடியும்" என்றார் ஓர் அன்பர். எதிரே அமர்ந்திருந்த அம்மையார், "வாயில்லா ஜீவனிடமா வீரத்தைக் காட்டுவது?" என்று வெகுண்டார். செம்பூர் நெருங்கும் வரையில் வழக்கு ஓயவில்லை. இறுதியில் இருவரும் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்கள் இருவரும் எந்தக் கட்சி?" என்று வினவினர்.

விடை கூறுவதற்குள் நாங்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அன்று கூற எண்ணியதை இங்கே எழுதுகிறோம். நாங்கள் இரண்டு கட்சியிலும் இருந்தவர்கள். நாய் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தவர்களும் நாங்களே; பின்னர் நாயோடு லிப்டில் நின்று அயலாரின் முகச்சுளிப்பைக் கண்டவர்களும் நாங்களே.

2014 ஆம் ஆண்டு ஜூன் திங்கள். பள்ளி திறந்த முதல் வாரம். மழையில் நனைந்துகொண்டு கடைத்தெரு வழியே வந்த எங்கள் மகனைத் தெருநாய் ஒன்று கடித்துவிட்டது. அப்போது அவனுக்கு வயது 9. கணுக்காலுக்கு மேலே பற்கள் ஆழப் பதிந்து குருதி வழிந்தது. அழுதுகொண்டே அவன் கட்டடத்தினுள் நுழைந்ததும் அண்டை வீட்டார் கூடிவிட்டனர். ஒருவர் மஞ்சள் வைக்கச் சொன்னார். ஒருவர் சுண்ணாம்பு தேடி ஓடினார். மற்றொருவர் மிளகாய்ப்பொடியே கண்கண்ட மருந்து என்றார். நாங்கள் செய்வதறியாது நின்றோம்.

அவ்வேளையில் ஏழாம் மாடியிலிருந்து இறங்கி வந்தார் ஆஜி. கட்டடத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அவர் ஆஜிதான். மராத்தியில் பாட்டி என்று பொருள். கணவரை இழந்தவர், மகன் வெளிநாட்டில். 'மோதி' என்ற நாய் ஒன்றே அவருக்குத் துணை. குட்டியாய்த் தெருவில் கிடந்ததை எடுத்து வளர்த்தவர். அவர் வந்ததும் மஞ்சளையும் சுண்ணாம்பையும் விலக்கினார். பையனைக் குழாயடியில் அமர்த்தி, ஓடும் நீரில் காலைப் பிடித்து, சோப்புப் போட்டுக் கழுவத் தொடங்கினார். கடிகாரத்தைப் பார்த்து முழுமையாக 15 நிமிடம் கழுவினார். "விஷம் நீரோடு போகட்டும், கட்டுப் போடாதீர்கள், உடனே ஊசிக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்றார்.

எங்கள் இளமையில் நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று கேட்டு நடுங்கியதுண்டு. அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் வழக்கொழிந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கள் மகனுக்குக் கடிபட்ட அன்றும், பின்னர் 3, 7, 28 ஆம் நாட்களிலும் கையிலேயே ஊசி போட்டார்கள். காயத்தைச் சுற்றியும் மருந்து செலுத்தினார்கள். வெறிநோய் ஒருவருக்கு வெளிப்பட்டுவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. வெளிப்படுமுன் தடுத்துவிட்டாலோ அஞ்ச வேண்டுவதில்லை. மருத்துவர் இதனை விளக்கினார். ஆயினும் அந்த 28 நாட்களும் நாங்கள் உறங்கிய உறக்கம் பெற்றோர் அறிவர்.

அச்சம் கழிந்தது, சினம் கழியவில்லை. கடித்த நாய் எங்கே என்று தெரியாது. எதிரில் தெரிந்த நாய் மோதி ஒன்றே. அடுத்த திங்களில் கூடிய கட்டடத்துப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் ஒன்றை நாங்களே எழுதிக் கொடுத்தோம்: 'வளர்ப்பு நாய்கள் லிப்டில் ஏறலாகாது, முற்றத்தில் நடமாடலாகாது.' 28 குடும்பங்களில் 23 குடும்பத்தார் கை உயர்த்தினர். ஆஜி வாதாடவில்லை. "கடித்தது மோதி அல்லவே?" என்று மட்டும் கேட்டார். "நாய் என்றால் எல்லாம் நாய்தான்" என்று விடை கூறினோம். கூட்டம் ஆமோதித்துச் சிரித்தது.

அந்தச் சொற்கள் எங்கோ கேட்ட சொற்களாய் அன்றிரவு உறுத்தின. எங்கேயென்று அன்று புலப்படவில்லை.

நான்கு திங்கள் சென்றன. ஒரு நாள் மாலை மின்சாரம் போயிற்று, லிப்டு நின்றது. நாங்கள் காய்கறிப் பையைச் சுமந்துகொண்டு ஆறாம் மாடிக்குப் படியேறினோம். நான்காம் மாடித் திருப்பத்தில், இருட்டில், சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார் ஆஜி. முழங்காலைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். அருகே மோதி, அவர் எழும்வரையில் தானும் எழுவதில்லை என்பதுபோல் படுத்திருந்தது. நாளைக்கு மூன்று முறை, ஏழு மாடி இறங்கி ஏழு மாடி ஏற வேண்டும். அவர் வயது அப்போது 68. தீர்மானம் நிறைவேறிய நாள் முதல் அவர் அவ்வாறே நடந்திருக்கிறார். லிப்டு நின்ற அன்றுதான் அந்தப் படிகளை நாங்கள் அறிந்தோம்.

எங்கள் நா எழவில்லை. அவரே பேசினார். "பையன் இப்போதும் தெருவில் நடக்க அஞ்சுகிறானா?" என்றார். ஆம் என்றோம். "மாலையில் மேலே அனுப்புங்கள். மோதியோடு பழகினால் எந்த நாயிடம் எவ்வாறு நிற்பது என்று தெரிந்துகொள்வான். அஞ்சி ஓடினால்தானே அது துரத்தும்?" என்றார்.

அன்றிரவுதான் அந்தச் சொற்கள் நினைவுக்கு வந்தன. 1967 இல் எங்கள் தந்தையார் இந்நகரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த கதையை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். தென்னாட்டார் நம் வேலைகளைப் பறிக்கின்றனர் என்ற குரல் இங்கே ஓங்கி ஒலித்த காலம் அது. முன்பணம் கொடுக்க ஒப்பிய பின்னும் வீட்டுக்காரர் ஒருவர், பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தினாராம். யாரோ ஒரு குடித்தனக்காரர் முன்னர் வாடகை கொடாமல் போய்விட்டாராம். "அவர் வேறு, நான் வேறு அல்லவா?" என்று தந்தையார் கேட்டதற்கு, "மதராசி என்றால் எல்லாம் மதராசிதான்" என்பதே விடை. மனிதரையும் நாயையும் ஒன்றாக வைத்து எண்ணுவதாக யாரும் கருத வேண்டா. ஒன்றன் குற்றத்தை எல்லாவற்றின்மேலும் ஏற்றும் மனம் ஒன்றே என்பதைத்தான் சொல்ல வந்தோம்.

2015 ஆம் ஆண்டு இந்திய விலங்கு நல வாரியம் சுற்றறிக்கை ஒன்று விடுத்தது. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வாக்கினாலுங்கூட வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்ய இயலாது. லிப்டையும் பூங்காவையும் மறுக்கலாகாது. குரைப்பதைக் காரணமாகக் காட்டலாகாது என்பது அதன் சாரம். நாய் வளர்ப்போர் அயலாருக்குத் தொல்லை நேராதபடி நடந்துகொள்ள வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. அதனைக் காரியதரிசி கூட்டத்தில் படித்தார், தீர்மானம் விலக்கப்பட்டது. விலக்கும்படி முன்மொழிந்தவர்கள் நாங்களே. ஆயின் அச்சுற்றறிக்கை வந்திராவிடில் நாங்களாகவே முன்வந்திருப்போமா என்று கேட்டால், நெஞ்சறிய விடை கூற முடியவில்லை. நான்காம் மாடிப் படியைக் கண்ட பிறகும் பல திங்கள் வாளாவிருந்தோம் என்பதே உண்மை.

அந்த வாரியத்தின் தலைமையகம் அந்நாளில் சென்னையில் இருந்தது. 1952 இல் மாநிலங்களவை உறுப்பினராய் நியமிக்கப்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தாமே மசோதா ஒன்று கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி கூறியதன்மேல் அதனைத் திரும்பப் பெற்றார். அதன் பயனாக எழுந்ததே 1960 ஆம் ஆண்டுச் சட்டம். அச்சட்டப்படி 1962 இல் அமைந்த வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கலாக்ஷேத்திரத்தைக் கண்ட அம்மையாரை நாட்டியத்துக்காக மட்டும் நினைக்கும் நாம், இதற்காகவும் நினைக்கலாம்.

2019 இல் ஆஜி காலமானார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் மோதியை என் செய்வதென்று திகைத்தபோது, எங்கள் மகன் அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாயிலில் வந்து நின்றான். மறுக்க எங்களுக்கு வாய் ஏது? வாயிற்கோலத்தைத் தாண்டி நாய் உள்ளே வரலாகாது என்ற வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். வைரவர் கோயிலில் வாகனமாய் நின்றால் வணங்குவோம். வாசற்படியில் நின்றால் விரட்டுவோம். 'நாய்ப் பிழைப்பு' என்பதும் நம் வாய்ச்சொல்லே, 'நன்றியுள்ள நாய்' என்பதும் நம் வாய்ச்சொல்லே. 2005 இல் இந்திய அஞ்சல்துறை நம் நாட்டு நாய்களுக்குத் தலை வெளியிட்டபோது, அவற்றுள் நம் இராசபாளையமும் இடம்பெற்றதென்று பெருமை பேசினோம். அப்பெருமைக்கும் அடுக்களைக்கும் நெடுந்தூரம் இருந்தது.

நாய் வளர்ப்போர் படும் பாட்டை அதன்பின் அறிந்தோம். லிப்டின் கதவு திறந்ததும் உள்ளிருப்பவர் மூக்கைப் பொத்துவார். பூங்காக் காவலர் பலகையைச் சுட்டுவார். கோடையில் திருநெல்வேலிக்குப் போகலாமென்றால், குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறையை முழுவதும் நமக்கென்றே பெற்றால்தான் நாய் உடன்வரலாம். இல்லையேல் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அது தனியே வர வேண்டும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு, சாதாரணப் படுக்கை வகுப்புகளில் அதற்கு இடமில்லை. முழு அறைக்குப் பணம் கட்ட எங்களால் இயலவில்லை. கூண்டில் அடைக்க மனம் வரவில்லை. ஆகவே ஊரில் திருமணம் என்றால் ஒருவர் செல்வார், ஒருவர் இங்கே தங்குவார்.

ஆயினும் குறை கூற நாங்கள் துணியவில்லை. லிப்டில் ஒரு சிறுமி எங்களைக் கண்டு தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தபோது, 2014 இன் எங்கள் மகனையே கண்டோம். அன்று முதல் குழந்தை இருந்தால் நாங்கள் ஏறுவதில்லை; அடுத்த முறைக்குக் காத்திருப்போம். மாநகராட்சியில் உரிமம் பெற்றோம், ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டோம், கயிற்றைக் கைவிட்டதில்லை. பழைய செய்தித்தாளைக் கையில் கொண்டுபோய் அது அசுத்தம் செய்த இடத்தை நாங்களே துடைத்தோம். உரிமை கேட்பவன் துடைப்பத்தையும் ஏந்த வேண்டும் அன்றோ? 2022 இல் மோதி எங்கள் மடியில் கண்மூடியது.

இம்மும்பையின் பழங்கதை ஒன்றையும் இங்கே நினைக்கலாம். தெருநாய்களைக் கொல்லும்படி அந்நாளைய ஆட்சியினர் ஆணையிட்டதை எதிர்த்து, 1832 ஆம் ஆண்டு ஜூனில் பார்சி மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நாயை மதித்துப் போற்றும் சமயத்தவர் அவர், கடைகள் அடைக்கப்பட்டன, படை வந்துதான் நகர் அடங்கிற்று. ஏறத்தாழ இரு நூற்றாண்டு கழிந்தும் அதே வாதம் பேருந்தில் நடக்கிறது. 2025 இலும், ஆகஸ்டு 11 இல் பிறந்த ஆணை 22 இல் மாற்றம் பெற்றது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுக. வெறிநோய் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடாதீர். உணவிடுவதற்குத் தனி இடம் ஒதுக்குக என்றாயிற்று. நவம்பர் 7 இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் முதலியவற்றிலிருந்து நாய்களை அகற்றி, அங்கே மீண்டும் விடலாகாது என்ற ஆணை பிறந்தது. கடிபட்ட குழந்தையின் அழுகையும் பொய்யன்று. வாயில்லா ஜீவனின் நோவும் பொய்யன்று. இரண்டையும் ஒருங்கே எடைபோடுவது நீதிபதிகளுக்கே எளிதாக இல்லை.

பேருந்தில் கேட்ட அன்பருக்கும் அம்மையாருக்கும் எங்கள் விடை இதுவே: கட்சி சேருமுன் ஒரு முறை படியேறிப் பாருங்கள். நாயை வெறுப்பவர், அதனையே துணையாய்க் கொண்டவரின் படியை ஏறிப் பார்க்கட்டும். நாயை நேசிப்பவர், கடிபட்ட குழந்தையின் தாய் உறங்காத இரவைக் கடந்து பார்க்கட்டும். அதன்பின் எழுதும் விதி எதுவாயினும் கொடுமையாய் இராது.

எங்கள் கட்டடத்தில், அந்தப் பழைய தடை தொங்கிய பலகையில் இப்போது வேறு அறிவிப்பு இருக்கிறது. நாய் வைத்திருப்போர் கயிற்றைப் பிடித்திருக்கவும், அசுத்தத்தைத் தாமே அகற்றவும் வேண்டும் என்பது முதல் வரி. நாய் கடித்தால் ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி உடனே ஊசிக்குச் செல்க என்பது இரண்டாம் வரி. மராத்தியிலும் தமிழிலும் எழுதியிருக்கிறோம். இரண்டாம் வரி ஆஜியுடையது.