கையெழுத்தும் அமானத்தே

சங்கராபுரத்தில் சகோதரர்கள் நாங்கள் இருவரும் மோட்டார் உதிரிபாகக் கடை நடத்தி வருகிறோம். 2023 ஜூலையில் வங்கிக்குச் சென்றிருந்தபோது, ஊழியர் ஒருவர் அடல் பென்ஷன் யோஜனா படிவங்களைத் தாமே நிரப்பி நீட்டினார். லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் வாசிக்காமலே கையெழுத்திட்டோம். அறுபது வயதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வரும் என்பது மட்டுமே மனத்தில் நின்றது. முப்பது வயதான தம்பிக்கு 577 ரூபாயும், முப்பத்தைந்து வயதான அண்ணனுக்கு 902 ரூபாயும் மாதந்தோறும் கணக்கிலிருந்து கழியலாயின.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், எங்கள் வருமான வரிக் கணக்கைத் தயாரித்த ஆடிட்டர் அதைக் கவனித்தார். 2022 அக்டோபர் 1 முதல், வருமான வரி செலுத்துபவரோ முன்பு செலுத்தியவரோ இத்திட்டத்தில் புதிதாகச் சேர இயலாது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குத் தடையில்லை என்றார். நாங்களோ 2021 முதல் வரி செலுத்துபவர்கள். படிவ நகலை எடுத்துப் பார்த்தோம். வருமான வரி செலுத்துபவரா என்னும் வினாவுக்கு 'இல்லை' என்றிருந்தது. அதன் கீழே எங்கள் கையெழுத்து இருந்தது.

"ஊழியர் எழுதியது; செலுத்துவதும் நம் பணம். இதில் யாருக்கு நட்டம்?" என்று முதலில் எங்களையே தேற்றிக்கொண்டோம். எங்கள் அத்தா, கல்வராயன் மலையடிவாரக் கிராமங்களில் மிதிவண்டியில் துணி விற்று எங்களை வளர்த்தவர். அனைத்தையும் கேட்டுவிட்டு, "கையெழுத்து யாருடையது?" என்று மட்டும் வினவினார். எங்களிடம் மறுமொழி இல்லை.

அரசு உத்தரவாதம் தரும் அந்த ஓய்வூதியம், முதன்மையாக அமைப்புசாராத் தொழிலாளர்களை எண்ணி உருவாக்கப்பட்டது. எங்கள் கடை வாசலில் மூட்டை இறக்குபவருக்கு உரிய இடத்தில் நாங்கள் அமர்ந்திருந்தோம். மறைத்தாலும் நிலைக்காது, உண்மை தெரியவரும் நாளில் கணக்கு மூடப்பட்டு, அதுவரை சேர்ந்த தொகை மட்டுமே திருப்பித் தரப்படும். முதுமைக்கென நம்பியிருந்தது அந்த வயதில் கைவிட்டுப் போகும்.

மறுவாரமே வங்கியில் கணக்கு முடிப்புப் படிவத்தைக் கொடுத்து, காரணத்தையும் மறைக்காமல் எழுதினோம். ஊழியர் மீது குறை கூறவில்லை. வாசிக்காதது எங்கள் பிழை. இருவரும் 24 தவணைகளில் செலுத்தியிருந்தது 35,496 ரூபாய். பணம் சேமிப்புக் கணக்கில் வந்து சேர்ந்தபின், அதன்மீது வளர்ந்திருந்த சிறு தொகையைக் குறித்து இமாமிடம் கேட்டோம். அவர் கூறியவாறு, நன்மையை எதிர்பார்க்காமல் அதை வறியவர் ஒருவரிடம் சேர்த்துவிட்டோம்.

சகோதரர்களே, இத்திட்டத்தில் இருப்போர் தாம் சேர்ந்த தேதியையும், அந்நாள்வரை வரி செலுத்தக் கடமைப்பட்டிருந்தோமா என்பதையும் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். ஹலாலான பணமும் பொய்யான கையெழுத்தின் வழியே சென்றால் கறைபட்டுவிடுகிறது. வாசித்துக் கையெழுத்திடும் நிதானத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.