வாரின் கண்கள்

பணி ஓய்வு பெற்ற எனக்குச் சென்ற ஆண்டு விடுமுறையில் ஓர் ஆசை தோன்றிற்று. பேரனுக்கு ஓர் இடைவாரை என் கையாலேயே செய்து கொடுக்க வேண்டும் என்பதே அது. கடையில் வாங்கும் வார்களில் துளைகள் நாளடைவில் நீண்டு பிளந்து போவதைக் கண்டிருக்கிறேன். கொக்கியின் முள் நாள்தோறும் ஒரே பக்கமாய் இழுப்பதால் நேரும் கேடு அது. துளையின் விளிம்பில் ஒரு பித்தளை வளையத்தைப் பூட்டிவிட்டால், அந்த இழுப்பை வளையம் தாங்கிக்கொள்ளும், தோல் தப்பும். கடைக்காரர்கள் இதனை 'ஐலெட்' என்பர். எனக்கு இது வாரின் கண்.

மாட்டுத்தோலை அளந்து வெட்டினேன். பேரனின் இடையளவுக்கு நடுத்துளையைக் குறித்தேன். அதன் இருபுறமும் 2.5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டிரண்டு துளைகள். இரண்டு அவன் மெலிந்தால் உதவும். இரண்டு அவன் வளர்ந்தால் உதவும். கண்ணின் கழுத்து துளைக்குள் இறுக்கமாக நுழைந்து, பின்புறம் சுமார் 2 மில்லிமீட்டர் வெளியே நீண்டிருந்தது. அதில் சிறு வளையத் தகட்டை மாட்டி, அச்சை நிறுத்திச் சுத்தியலை ஓங்கி ஒரே அடி அடித்தேன். மலர்ந்து மடிய வேண்டிய கழுத்து மூன்றாகப் பிளந்தது. தடவிப் பார்த்த விரலில் இரத்தம் துளிர்த்தது.

கிள்ளானில் கடைத்தெரு நடைபாதையில் அமர்ந்து காலணி தைக்கும் பெரியவர் ஒருவரிடம் வாரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் சிரித்தார். "ஓங்கி அடிச்சா பிளக்கத்தான் செய்யும், சார். மெல்லத் தட்டுங்க. கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடியும் தட்டுங்க. அது தானா மடியும்" என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் நினைவு 1978ஆம் ஆண்டில் நின்றது. அப்போது நான் தோட்டப் பள்ளியொன்றில் இளம் ஆசிரியன். 'மழை' என்பதை 'மளை' என்று வாசித்த சிறுவனை வகுப்பின் முன்னே நிறுத்தி, எல்லாரும் நகைக்கும்படி ஒரு சொல் சொன்னேன். ஒரே அடியில் திருத்திவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அதன்பின் அவன் என் வகுப்பில் வாய்விட்டு வாசிக்கவேயில்லை. ஆண்டு முடிவில் அவன் குடும்பம் தோட்டத்தை விட்டுச் சென்றது. அவனை நான் மீண்டும் காணவில்லை.

பிளந்த கண்ணைக் குறட்டால் நெம்பி எடுத்தேன். தோலில் சிறு கீறல் விழுந்திருந்தது. புதிய கண்ணின் விளிம்பு அதை மறைத்துக்கொண்டது. இம்முறை பத்துப் பன்னிரண்டு முறை மெல்லத் தட்டினேன். கழுத்து ஒரே சீராக மடிந்தது. விரலால் தடவினேன், எங்கும் உறுத்தவில்லை.

பேரன் வாரை அணிந்து நடுக்கண்ணில் முள்ளை மாட்டினான். "தாத்தா, எதுக்கு அஞ்சு ஓட்டை?" என்று கேட்டான். பிறகு பாட நூலை எடுத்து வந்து என்னருகில் அமர்ந்து வாசிக்கத் தொடங்கினான். ஓரிடத்தில் அவன் நாக்குத் தடுமாறிற்று. நான் அவசரப்படவில்லை. "இன்னொரு தரம் சொல்லு, ஐயா" என்றேன்.