ஆளில்லாத ஊருக்கு ஒரு மேயர்

பிரான்ஸ் நாட்டின் வடகிழக்கு மூலையில் ஃப்ளெரி என்று ஒரு கிராமம். முழுப்பெயர் ஃப்ளெரி-தெவான்-துவோமோன். துவோமோனுக்கு முன்னால் இருக்கும் ஃப்ளெரி என்று அர்த்தம். பிரான்ஸில் ஃப்ளெரிகள் பல உண்டு என்பதால் இந்த அடையாளம். ஊருக்கு எல்லை உண்டு, அரசாங்கப் பட்டியலில் இடம் உண்டு, மேயரும் உண்டு. குடியிருப்பவர் மட்டும் ஒருவர்கூட இல்லை. நூறு வருடத்துக்கும் மேலாக இதுதான் நிலைமை.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கிராமம், எல்லை, கணக்கு என்றாலே காது நிமிர்ந்துவிடும். நம் நாட்டில் வடக்கேயும் தக்காணத்திலும் ஆளில்லாத கிராமத்தைப் பழைய வருவாய்க் கணக்குகளில் 'பே-சிராக்' என்று எழுதுவார்கள். பாரசீகச் சொல். விளக்கில்லாத ஊர் என்று பொருள். ஆனால் விளக்கில்லாத ஊருக்கு மேயர் என்பது நான் கேள்விப்படாத ஒன்று. லக்ஸம்பர்க்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனபோது, காரில் ஒன்றரை மணி நேரத் தூரம்தான் என்றதும் நானும் மனைவியும் கிளம்பிவிட்டோம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மியூஸ் என்ற ஆறு தெற்கிலிருந்து வடக்காக ஓடி, பெல்ஜியம் வழியாக நெதர்லாந்துக்குப் போகிறது. அதன் கரையில் வெர்டன் என்ற பழைய நகரம். ஆற்றுக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் மேடுகள் வரிசையாக நிற்கின்றன. மலை என்று சொல்ல முடியாது. கடல் மட்டத்திலிருந்து 350, 400 மீட்டருக்குள்தான் உயரம். அந்த மேடுகளைத் தாண்டினால் கிழக்கே களிமண் சமவெளி. வெர்டனிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில், இந்த மேட்டின் முதுகில் இருந்தது ஃப்ளெரி. 1913-இல் 422 பேர். பயிர் செய்தவர்களும் மரவேலையை நம்பியவர்களும் வாழ்ந்த சாதாரண ஊர். தேவாலயம், பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை, சின்ன ரயில் நிலையம்.

அந்த ஊருக்கு எமனாக வந்தது அது இருந்த இடம்தான். இந்தப் பகுதி என்றுமே எல்லைப் பகுதி. பேரரசர் சார்லமேனின் பேரன்கள் மூவர் 843-இல் பேரரசைப் பாகம் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்துக்கே வெர்டன் ஒப்பந்தம் என்றுதான் பெயர். ஆயிரம் வருடம் கழித்து, 1871-இல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ், அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் இழந்தது. எல்லைக்கோடு வெர்டனை நெருங்கி வந்தது. பிரெஞ்சு அரசு நகரைச் சுற்றி மேடுகளின் மேல் கோட்டைகளை வளையமாகக் கட்டியது. ஃப்ளெரிக்கு வடக்கே துவோமோன் கோட்டை, தெற்கே சூவில் கோட்டை, கிழக்கே வோ கோட்டை. நடுவில் உழுதுகொண்டிருந்தார்கள் இந்த 422 பேர்.

1916 பிப்ரவரி 21. ஜெர்மன் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. ஊரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்று நினைக்காதவர்கள் யார் இருந்திருப்பார்கள்? 25-ஆம் தேதி துவோமோன் கோட்டை விழுந்தது. ஜூன் 7-இல் வோ கோட்டை. ஜூன் 23 அன்று, நச்சுவாயுக் குண்டுகளை வீசிவிட்டு வந்த ஜெர்மன் படை ஃப்ளெரிக்குள் நுழைந்தது. இனி சூவில் மேட்டைப் பிடித்தால் வெர்டன் கண்ணுக்கு நேரே கீழே கிடக்கும். அதனால் ஒருவரும் விடவில்லை. இரண்டு மாதத்தில் ஊர் 16 முறை கை மாறியது. ஆகஸ்ட் 18-இல் பிரெஞ்சுப் படை கடைசியாக மீட்டபோது, மீட்க ஊர் இல்லை. வெறும் செங்கல் பொடி. டிசம்பர் வரை நீடித்த அந்தப் போரில் இரு தரப்பிலும் சேர்ந்து செத்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர்.

போர் முடிந்தபின் அரசாங்கம் கணக்குப் போட்டது. எனக்கு நன்றாகப் புரிந்த பகுதி இது. நிலத்தைச் சுத்தம் செய்து சீராக்க ஆகும் செலவு அந்த நிலத்தின் மதிப்பைவிட அதிகமானால், அது 'சிவப்பு மண்டலம்'. அதை அரசே வாங்கிக்கொள்ளும். ஃப்ளெரி மண்ணில் வெடிக்காத குண்டுகள், நச்சுப்பொருள், கூடவே மனித எலும்பு. யாரும் திரும்பி வரக்கூடாது என்று முடிவானது. உழுத வயல்களில் மரம் நட்டார்கள். இன்று வெர்டனைச் சுற்றி சுமார் 10,000 ஹெக்டேர் காடு நிற்கிறது.

ஃப்ளெரி மட்டும் அல்ல. அந்த வட்டாரத்தில் ஒன்பது கிராமங்கள் இப்படி அழிந்தன. அவற்றில் ஆறில் பிறகு யாருமே குடியேறவில்லை. கணக்குப்படி அவற்றைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டுப் பெயரை அடித்திருக்கலாம். அதுதான் நிர்வாகத்துக்குச் சுலபம். அவர்கள் அதைச் செய்யவில்லை. போரில் இறந்த வீரனுக்குக் கொடுக்கும் 'பிரான்ஸுக்காக உயிர்நீத்தவர்' என்ற மரியாதையை அந்த ஊர்களுக்குக் கொடுத்தார்கள். வாக்காளர் இல்லாததால் தேர்தல் கிடையாது. மாவட்ட நிர்வாகத் தலைவர் மூன்று பேர் கொண்ட குழுவை நியமிக்கிறார். அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரம்.

நாங்கள் போன அன்று மெல்லிய தூறல். தரை முழுவதும் குண்டு விழுந்த பள்ளங்கள், புல் மூடி அலை அலையாகக் கிடக்கின்றன. சமமான தரை ஒரு முழம் கிடையாது. பழைய தெருக்கள் இருந்த இடத்தில் நடைபாதை. வழியெங்கும் சின்னச் சின்னக் கம்பங்கள்: இங்கே ரொட்டி சுடுபவர் வீடு, இங்கே விவசாயி வீடு, இங்கே பள்ளிக்கூடம். தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிற்றாலயம். 'ஐரோப்பாவின் அன்னை' என்று பெயர். ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967-இல் போர் நினைவு அருங்காட்சியகம் திறந்தார்கள். ஊர் இன்னும் தன் ஆட்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 2013-இல்கூட இங்கே 26 பிரெஞ்சு வீரர்களின் எலும்புகள் கிடைத்தன.

"ஓட்டுப் போட ஆளில்லை, வரி கட்ட ஆளில்லை, மேயருக்கு என்ன வேலை?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பாதையைப் பராமரிப்பது, நினைவு நாளை நடத்துவது, இது யார் இருந்த இடம் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஊர் சார்பில் ஒருவர் இருப்பது. யோசித்துப் பார்த்தால், ஆளிருக்கும் ஊரிலேயே இந்த மூன்றும் ஒழுங்காக நடப்பது அபூர்வம்.

நிலத்தின் மதிப்பைக் கணக்கிட எங்களுக்கெல்லாம் விதிமுறை இருந்தது. நஞ்சை, புஞ்சை, தரம், தீர்வை என்று எழுதிவிடுவோம். ஓர் ஊரின் பெயருக்கு என்ன மதிப்பு என்று எந்தக் கையேட்டிலும் இருந்ததில்லை. நிலத்தைக் கணக்குப் பார்த்துக் கைவிட்ட அதே அரசாங்கம், பெயரைக் கணக்குப் பார்க்காமல் வைத்துக்கொண்டது. பிரான்ஸின் மக்கள்தொகைப் பட்டியலில் இன்றும் ஃப்ளெரிக்குத் தனி வரி இருக்கிறது. எதிரே எண்: 0. அந்தப் பூஜ்யத்தை ஒவ்வொரு முறையும் தவறாமல் எழுதி வைக்கிறார்கள்.